மூன்றாவது விரிப்பு

"மேல மனுஷங்க இருக்கீங்களா, இல்ல குதிரை கட்டி வச்சிருக்கீங்களா?"

"எங்கப்பா நடந்தாலே குத்தமா? பறக்கவா முடியும்?"

மாடிப்படியில் சண்டை. கேட்டவர் கீழ்வீட்டுக் கணக்கு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், குரலுக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. அவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

பதில் சொன்னவள் மேல்வீட்டு மகள். காலடிக்குச் சொந்தக்காரரான அப்பா, மனைவியை இழந்தவர், இஸ்திரி போட்ட சட்டையோடு கதவோரம் நின்று "ஸாரி டீச்சர்" என்றார். தினமும் பத்து மணிக்கு அதைத்தான் சொல்வார்.

நடுவில் தோளில் ரப்பர் சுருளோடு மாட்டிக்கொண்டவர் கார்ப்பெட் மாஸ்டர். கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் விரிப்பை அவர் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாயிற்று. முதலில் ஃபோம், காலுக்கு மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான். பிறகு கம்பளி, குளிருக்கு நல்லது, டீச்சருக்குப் போதவில்லை.

"இது கனமான ரப்பரும்மா, சத்தத்தை அப்படியே முழுங்கிடும். இதுக்கப்புறமும் டீச்சர் குறை சொன்னா நான் தொழிலையே விட்டுடறேன்!"

படியில் நின்று சொன்னதால் கட்டடமே சாட்சியாகிவிட்டது.

வேலை நடந்த அன்று அப்பாவை அவருடைய தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் மகள். கார்ப்பெட்டை இழுத்து மாட்டும் சுவரோரக் கட்டைகளுக்கு நாள் முழுக்க ஆணியடித்ததில் எதிர்வீட்டு அம்மாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். மூன்றாம் மாடிக்காரர் வந்து ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். டீச்சர் மட்டும் படியேறவே இல்லை.

"பாத்தியாம்மா? ரப்பரைப் பாத்ததுமே அடங்கிட்டாங்க" என்றார் மாஸ்டர்.

அப்பா திரும்பி வந்தார். மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு டீச்சரும் வந்தார்.

"இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் ரொம்ப மோசம்!"

மகள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "போதும் டீச்சர். நாங்க வீட்டையே மாத்திக்கிட்டுப் போயிடறோம்."

டீச்சர் வாயடைத்து நின்றதை அந்தக் கட்டடம் அன்றுதான் பார்த்தது.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. தொழிலாயிற்றே! மகளை நடந்து காட்டச் சொல்லிவிட்டு, டீச்சரோடு கீழ்வீட்டுக்குப் போனார். மேலே மகள் நடந்தாள், ஓடினாள், குதித்தும் பார்த்தாள். கூடத்தில் அண்ணாந்து நின்ற மாஸ்டருக்கு ஒரு பொட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"டீச்சர், இப்ப கேக்குதா?"

பின்னாலிருந்து பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டார். அப்போதும் இல்லை. கையிலிருந்த சுத்தியல் நழுவி வெறும் தரையில் விழுந்தது. மாஸ்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் மெதுவாக மேலே ஏறி வந்தார்.

"ரப்பர் சரியில்லம்மா. என் தப்புதான்."

கட்டடமே சிரித்தது. சிரிக்கட்டும், டீச்சரின் மானத்தைவிட ரப்பரின் மானம் ஒன்றும் பெரிதில்லை என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீடு மாறியது உண்மைதான். மாறியவர் அப்பா மட்டும். ஒரே ஒரு மாடி கீழே, பதிவுத் திருமணத்தோடு. மகள் மேலேயே ரப்பரோடு தங்கிவிட்டாள்.

பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாஸ்டருக்கு அதற்குமேல் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. டீச்சருக்குக் காது சுத்தமா கேக்காது."

அப்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"தெரியும்ப்பா. நீ முதல் விரிப்பு போடறதுக்கு முன்னாடியே."