செத்த சதை மட்டும்

"அந்தப் பேரையும் சேத்துக் கரைச்சிருங்க சிஸ்டர்."

கிளாடிஸ் இதைச் சொன்னது கட்டுப் பிரித்த முதல் நாளா, மறுநாளா என்று நர்ஸுக்கு இப்போது நிச்சயமில்லை. வருஷம் எழுபத்தைந்தா, எழுபத்தாறா என்பதிலும் குழப்பம்தான். சொன்ன சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கட்டிலில் கிடந்தவன் ரோச், கிளாடிஸின் புருஷன். கொழும்புத் தோணியில் பாய்க் கயிறு அறுந்து அடித்ததில் புஜத்துச் சதை அழுகிப்போயிருந்தது. காயத்தின் ஓரத்தில் பச்சை குத்திய ஒரு பெயர்: ஜெயபாய்.

டாக்டர் கத்தி வைக்கத்தான் நினைத்தார். நர்ஸ்தான் விடவில்லை. இறால் குடலிலிருந்து எடுத்த சாறு புதிதாக வந்திருக்கிறதே, அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றாள்.

"றாலு உரிக்கிற பொம்பளைங்க கையவே அரிச்சுத் தின்னுருதுல்லா. இந்தப் பேரு எம்மாத்திரம்?" என்றாள் கிளாடிஸ்.

"இது சுத்தம் பண்ணுன சாறும்மா. செத்த சதையத்தான் திங்கும். உயிரோட இருக்கதத் தொடாது."

"அப்போ அந்தப் பேரு இன்னும் உயிரோடதான் கெடக்குங்கிய."

நர்ஸ் பஞ்சைச் சாற்றில் நனைத்தாள். ரோச் வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நாசரேத்துப் பக்கத்துப் பேருல்லா. வேற சபை, எங்க கோயில்காரங்க அங்க பொண்ணு எடுக்க மாட்டாங்க. யாருன்னு கேட்டா மனுசன் வாயத் தொறக்க மாட்டாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து இந்தக் கையிலதான் தலவச்சுத் தூங்குதேன் சிஸ்டர். அவ பேரு மேல."

துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதி ஓய்ந்தது.

"எங்கயாவது நல்லா இருப்பா" என்றாள் நர்ஸ்.

"கல்யாணம் முடிச்சிருக்க மாட்டா. எனக்குத் தோணுது."

அழுகல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அடியில் சிவந்த சதை தெரிந்தது. அந்த எழுத்துகளைச் சுற்றி மட்டும் நர்ஸின் கை மெதுவாகப் போயிற்று. கட்டு தேவைப்படாத நாளிலும் ஒரு கட்டுப் போட்டாள். பெயர் அழியவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் ரோச் தலைகுனிந்தபடி முன்னால் நடந்தான். கிளாடிஸ் வாசலில் நின்று திரும்பினாள். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிளாடிஸும் ஒரு நாளும் பெயர் கேட்டதில்லை.

"கையக் காப்பாத்திட்டிய. வாரேன், ஜெயபாயக்கா."

ரோச் தோணிக்குத் திரும்பினான். கிளாடிஸுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. ஜெயபாய் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.