வியாழக்கிழமை யாருடையது

பழைய மாற்றம் ஒன்று பாக்கி இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று திரை கேட்டது.

பார்க்கிறேன் என்பதை அவள் அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. அடுப்பில் குக்கர். மங்கையர்க்கரசி புது லேப்டாப் வாங்கியிருந்தாள். ஃபோனில் இருந்த எண்களையும் காலண்டரையும் அதில் கொண்டுவந்து சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் எண்கள் வந்துவிட்டன. கல்லூரி அலுவலகத்துக் கூட்டங்கள், கேஸ் பதிவு செய்த நாள், பல் டாக்டர், எல்லாம் வந்துவிட்டன.

இது ஒன்றுதான் பாக்கி.

'அப்பா' என்று ஒரு காலண்டர். அவளும் தங்கை திலகவதியும் மட்டும் பார்ப்பது. அப்பாவை டயாலிசிஸுக்கு யார் என்றைக்கு அழைத்துப் போவது என்று அதில் இருக்கும். திங்கள் மங்கை. வியாழன் திலகா.

திரையில் போன அக்டோபரின் கடைசி வியாழக்கிழமை, இரண்டு பெட்டிகளாகப் பிரிந்து நின்றது.

இடது பெட்டி: அழைத்துப் போவது திலகா.

வலது பெட்டி: அழைத்துப் போவது அக்கா.

வலது பெட்டிக்குக் கீழே ஒரு குறிப்பு. 'அக்கா, கபிலனுக்கு அப்பெண்டிக்ஸ். நாளைக்குக் காலைல ஆபரேஷன். இந்த ஒரு தடவை நீ அப்பாவக் கூட்டிட்டுப் போயிடு.'

மாற்றியவர் திலகவதி. புதன், மாலை ஐந்து நாற்பது.

நிராகரித்தவர் மங்கையர்க்கரசி. புதன், மாலை ஆறு ஐந்து.

அவள் மறுபடி படித்தாள்.

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். பெட்டிகள் அப்படியே இருந்தன.

நினைவுக்கு வந்தது. அன்று மதியம் அவளும் அதே வியாழக்கிழமையில் கை வைத்திருந்தாள். எட்டு மணியை ஏழரையாக்கினாள், அவ்வளவுதான். மாலையில் பஸ் சத்திரம் ஸ்டாண்டில் நின்றபோது ஃபோனில் ஏதோ கேள்வி வந்தது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று. ஒரு கையில் பை. பின்னால் இறங்குகிறவர்களின் நெருக்கடி.

இந்த ஃபோனில் இருப்பதையே வை என்று கட்டைவிரலால் தட்டிவிட்டு இறங்கினாள்.

குறிப்பைப் படிக்கவில்லை. திலகா போட்ட மாற்றம் அதோடு இரண்டு ஃபோனிலிருந்தும் போய்விட்டது.

மறுநாள் உறையூர் வீட்டில் அப்பா ஏழரைக்கே சட்டை மாற்றி, செருப்பையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு, "புள்ளைங்களுக்கு வேல இருக்கும். வந்துடும்ங்க" என்றாராம்.

சாயங்காலம் வரை செருப்பைக் கழற்றவில்லையாம்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மூச்சு முட்டியது. சனிக்கிழமை அவர் இல்லை.

மகன் கபிலனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஓடிவந்த திலகாவை மங்கை வாசலிலேயே மறித்தாள்.

"உன் முறை. நீ வரல. நீதான்டி அவரக் கொன்ன."

"மாத்திப் போட்டேன்க்கா. சத்தியமா மாத்திப் போட்டேன்."

திலகா ஃபோனை எடுத்துத் தேடினாள். வியாழக்கிழமை கிடைத்தது. அவளுடைய ஃபோனிலும் திலகா என்றுதான் இருந்தது.

சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திலகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே என்று மங்கை பின்னால் பல பேரிடம் சொன்னாள். கேட்டவர்களும் ஆமாம் என்றார்கள். 'வாயால சொன்னா ஆபீஸ் வேலைல மறந்துடுவேன், எதுவானாலும் காலண்டர்ல போட்டுடு' என்று தங்கையைப் பழக்கியவள் தான்தான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது.

எதை வைத்துக்கொள்ளட்டும் என்று திரை இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது.

வலது பெட்டியை அழுத்தினாள். ஒரு நொடிதான். வியாழக்கிழமை அக்காவுடையதாகிவிட்டது.

இந்நேரம் திலகாவின் ஃபோனிலும் மாறியிருக்கும். என்றைக்காவது அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குக் கூசியது.

தங்கையின் எண்ணை அவள் எப்போதோ ஃபோனிலிருந்து அழித்திருந்தாள். அது பழைய கணக்கு ஒன்றில் கிடந்து, இன்று மற்ற எண்களோடு சேர்ந்து திரும்பி வந்திருந்தது.

கூப்பிட்டாள்.

நான்காவது மணியில் எடுத்தாள் திலகா.

"அக்கா?"

மங்கை ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. திலகா, அந்த வியாழக்கெழம..."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ சொன்னது சரிதான்க்கா," என்றாள் திலகா. மெல்லிய குரல். பல தடவை சொல்லிப் பார்த்துவைத்திருந்ததுபோல் தடங்கல் இல்லாமல் வந்தது. "நான் மாத்திப் போடல. பையன் கத்துன கத்துல போட்டுட்டதா நெனச்சுக்கிட்டேன். நான்தான் மறந்துட்டேன். உனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்னு எத்தனையோ நாள் எடுப்பேன், பயந்துகிட்டு வெச்சிடுவேன். என்னைய மன்னிச்சிடுக்கா."

"இல்ல," என்றாள் மங்கை. "திலகா, இல்ல."

திலகாவுக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டே அவள் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.