நான்காவது ரவுட்டர்

சகலை கேபிள்காரருக்குத் தர வேண்டியது மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். கடன்காரன் இப்போது கிடங்கின் நெட்வொர்க் வேலையையும் தட்டிப் பறித்துவிடுவான் போலிருந்தது. அவருக்கு வயிறு எரிந்தது.

கிடங்கின் கணினிகளை இணைக்க மூன்றே ரவுட்டர்கள். எந்தக் கணினிக்குத் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் அவர்தான் கையால் எழுதி வைத்திருந்தார். சகலை அதையெல்லாம் அழித்துவிட்டு, ரவுட்டர்களே தங்களுக்குள் பேசி வழி தேடும்படி மாற்றியிருந்தான்.

“மூணு பெட்டிக்கு எதுக்குடா இவ்வளவு அரட்டை?”

“ஒரு வழி அடைஞ்சா அதுங்களே வேற வழி பாத்துக்கும் அண்ணே. நீங்க ஏணியத் தூக்கிட்டு ஓட வேணாம்.”

கேட்டுக்கொண்டிருந்த கிடங்கு முதலாளி சிரித்தார்.

சகலையை மாட்டிவிட கேபிள்காரர் நைசாகப் போய், பின்னறைக்கு இருந்த ஒரே கேபிளைப் பிடுங்கினார். பின்னறைக் கணினியின் இணைப்பு அறுபடவில்லை.

சகலை திரையைப் பார்த்தான். “அண்ணே, நாலாவதா ஒரு ரவுட்டர் வழி சொல்லுதே!”

திரையில் இருந்த முகவரி, போன வருடம் கருகிப்போனதால் கேபிள்காரர் கழற்றிய ரவுட்டருடையது. தூக்கியெறிய மனமில்லாமல் பையிலேயே வைத்திருந்தார். பையைத் திறந்தார். மின்சாரம் இல்லாமலே அதன் பச்சை விளக்கு கண்சிமிட்டியது.

பத்து வருடம் அவர் சொன்னதை மட்டும் செய்த பெட்டி. இப்போது சகலையின் ரவுட்டர்களோடு பேசுகிறது.

எடுத்து நீட்டினார். சகலையின் கையில் விளக்கு இன்னும் வேகமாகக் கண்சிமிட்டியது.

“உங்கிட்டயே இருக்கட்டும். அந்தக் கடன் பணமும் வேணாம்” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டார்.