விளையாட்டுப் பீரியட்

"உங்க கணக்கு டீச்சரை இப்பவே இங்க கூப்பிடுங்க மேடம்! அவங்க முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கணும்."

தலைமையாசிரியை காட்டிய நாற்காலியில் அந்தத் தகப்பனார் உட்காரவே இல்லை. நேற்று மாலை டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்குத் தன் அப்பாவின் நினைவாகவே இருந்தது. அவருடைய அப்பா ஐம்பதைத் தொடுவதற்குள் மாரடைப்பில் போனவர்.

"கொஞ்சம் நிதானமா பேசுங்க சார்..."

"எப்படி நிதானமா இருக்கறது? எம்பொண்ணுக்குப் பத்து வயசு. பிரஷர் இருக்குங்கறார் டாக்டர்! ரத்தக்குழாய்ல கொழுப்பு படியறது இந்த வயசுலயே தொடங்கிடுமாம். இப்பவே ஓடியாடினா தப்பிச்சுக்கலாமாம். வீட்ல நொறுக்குத் தீனியை நிறுத்திட்டோம், டி.வி.யை மூடிட்டோம். 'ஸ்கூல்ல விளையாடறியாடி'ன்னு கேட்டா, 'பி.டி. பீரியட்லயும் கணக்குதாம்ப்பா'ங்கறா. வருஷம் பூரா!"

கணக்கு டீச்சர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டியபடி வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் சங்கடமாகச் சிரித்தார்.

"எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதானே சார். பரீட்சை வருது, பாடம் முடியல..."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாடம் முடியலைன்னா எம்பொண்ணு ஆயுசுல கை வைப்பீங்களா? மார்க் போனா அடுத்த தடவை வாங்கிக்கலாம். இதயத்துக்கு எங்க போய் மறுபரீட்சை எழுதறது? வாரத்துல ரெண்டே ரெண்டு பீரியட். அதையும் பிடுங்கிக்கிட்டா, அந்தப் பிஞ்சுங்க எப்பத்தான் ஓடும்?"

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சிருங்க சார். இனிமே அந்தப் பீரியட் பக்கமே போகமாட்டேன்" என்றார். இன்றைக்கே பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவதாகத் தலைமையாசிரியையும் வாக்குக் கொடுத்தார்.

வெளியே வந்தவருக்குப் பாரம் பாதி இறங்கியதுபோல் இருந்தது. பெற்றவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? வேலைக்குத் தாமதமாக வரக் கேட்டு வாங்கிய பர்மிஷன் முடியப்போகிறதே என்று வண்டியை விரட்டினார்.

அவர் வேலை பார்க்கும் இடத்தின் வாசலைத் தாண்டியதும், வெயிலில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பி.டி. பீரியட்ல இங்க என்ன கும்மாளம்? சார் இன்னிக்கு லீவுன்னு நினைச்சீங்களோ?" என்று அதட்டினார் அவர். "பந்தைப் போட்டுட்டு, எல்லாரும் உள்ள வந்து கணக்கு நோட்டை எடுங்க!"