மினுக்காத தட்டுகள்

தூத்துக்குடியில் செல்வினின் வீட்டுக்கு மொட்டைமாடி டர்பைன்தான் கரண்ட் கொடுத்தது. அதற்கு இறக்கை கிடையாது. நெருக்கமாக அடுக்கிய எஃகுத் தட்டுகளைக் கொதிகலனில் காயும் கடல்நீரின் நீராவி உரசிக்கொண்டு ஓட, அவை சுழலும். அது நின்றால் மனைவி ஜெனோவாவின் மூச்சுக்கருவியும் நின்றுவிடும். அந்தப் பயத்தில் விடிந்ததும், கருவியைச் சிறிது நேரமே தாங்கும் பேட்டரியில் ஓடவிட்டு மாடியேறி, ஒவ்வொரு தட்டையும் துணியால் கண்ணாடிபோல மினுக்குவான். ஆனாலும் கரண்ட் குறைந்துகொண்டே வந்தது. அவன் இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டான். ஒரு வாரம் துணியைத் தொடவே முடியவில்லை. எழுந்ததும் பதறிப்போய் மீட்டரைப் பார்த்தால், கரண்ட் கூடியிருந்தது.

ஒரு தட்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தான். பளபளப்பு போய், மெல்லிய உப்பு படிந்து சொரசொரவென்று இருந்தது.

"அழுக்கா இருந்தா எப்படி நல்லா சுத்தும்?" என்றான்.

ஜெனோவா முகமூடியை விலக்கித் தட்டை விரலால் தடவினாள். "வழுவழுன்னு இருந்தா ஆவி வழுக்கிட்டுல்லா போயிரும்? பிடிச்சுத் தள்ள ஏதாவது வேணும்லா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் அவளுடைய மூச்சைத்தான் தேய்த்துக் குறைத்திருக்கிறோம் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை அப்படியே மாட்டிவிட்டு வந்தான். இனி காலையில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"இப்படி உக்காருங்களேன்" என்று ஜெனோவா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். "எதிர்வீட்டுல புதுசா ஆள் வந்திருக்காவ. பாத்தியளா?"

அவன் பார்த்திருக்கவில்லை. அவளருகே உட்கார்ந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.