ராணியின் தோடு

டணாரென்று சமையலறையில் தட்டு விழுந்தது.

“என் தோட்டைத் திருடுனவனுக்குக் காபி வேறயா?” என்றாள் திலகவதி.

“கத்தாத. விளையாட்டுலயே பிடிக்கிறேன் பாரு,” என்றான் அவள் கணவன் ரகுநாத்.

ஞாயிறுதோறும் ஆளுக்கொரு வேடமேற்றுப் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடும் நண்பர்கள் நால்வரும் கூடத்தில் காத்திருந்தார்கள். ரகுநாத் ஒவ்வொருவரிடமும் ஒரு ரகசியச் சீட்டைக் கொடுத்தான்.

“இன்னைக்குப் புதுக் கதை. ராணியோட தோட்டைக் காணோம். திருடன் உங்கள்ல ஒருத்தன். அடுத்த வாரம் ஒவ்வொருத்தரா உள்ரூம் உண்டியலைக் கும்பிட்டுட்டு வந்தாத்தான் ஆட்டம்.”

நால்வரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனதும் திலகவதி உண்டியலைத் திறந்தாள். தோடு இருந்தது. கூடவே, எங்கோ தொலைந்ததென்று ரகுநாத் மறந்தேபோன வாட்ச், பென் டிரைவ், வெள்ளி மோதிரம்.

“யாருங்க திருடன்?”

“நாலு சீட்டுலயும், ‘நீ எடுத்தது எனக்குத் தெரியும், உண்டியல்ல போட்டுடு’ன்னு ஒரே வரியைத்தான் எழுதியிருந்தேன், திலகா!”