இரண்டாவது தொட்டி

"யாரோ நம்ம ஆராய்ச்சிக்குக் குழி பறிக்கிறாங்க," என்றார் டாக்டரம்மா.

ஆய்வுக்கூடத்தின் பின்புறம் இரண்டு தொட்டிகள். இரண்டிலும் போடுவது ஒரே காய்கறிக் கழிவுதான். முதல் தொட்டியை மட்டும் கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பிச் சூடாக்குகிறார்கள். இரண்டாவது சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. முதலாவதில்தான் எரிவாயு அதிகம் வர வேண்டும். இரண்டு மாதமாக இரண்டாவது முந்திக்கொண்டிருந்தது.

நாளை நிபுணர் குழு வருகிறது. வெயிலால் பயனில்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் ஆறு வருட உழைப்புக்கு மூடுவிழாதான்.

"ஒளிஞ்சிருந்து பார்த்துடலாம் மேடம்," என்றார் உதவியாளர்.

மதியச் சாப்பாடு முடிந்ததுமே குட்டு உடைந்தது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்கா, ஆவி பறக்கும் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து இரண்டாவது தொட்டியில் ஊற்றினார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னம்மா பண்றீங்க?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க டாக்டரம்மா. நீங்க ஒண்ணுக்கு மட்டும் வெயில் காட்டறீங்க, இன்னொண்ணு சில்லுன்னு கிடக்குது. பெத்த மனசு கேக்கல."

உதவியாளர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"படிக்காதவங்களைச் சொல்லி என்ன புண்ணியம்? இனிமே இந்தத் தொட்டிப் பக்கமே வராதீங்க."

அக்கா வாளிகளோடு போய்விட்டார்.

"இரண்டாவது தொட்டி ரிப்பேர்னு எழுதிடலாம் மேடம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

மறுநாள் குழுவின் முன்னால் நடந்ததை நடந்தபடியே சொன்னார் டாக்டரம்மா. சொல்லி முடித்தபோது வேலை போனது போலத்தான் அவருக்கு இருந்தது.

குழுத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த வெந்நீர் ஏது?"

"கேன்டீன் மாடியில இருக்கிற சோலார் ஹீட்டர் தண்ணி சார். பாத்திரம் அலசினதும் சாக்கடைக்குப் போறது," என்றார் உதவியாளர்.

"அதுவும் வெயில்தானே. கண்ணாடியே வேண்டாமே. பெரிய சமையலறை இருக்கிற எல்லா இடத்துலயும் செய்யலாமே. தினம் எத்தனை வாளி, எவ்வளவு சூடு? அளவு இருந்தாத்தான் அறிக்கையில ஏத்த முடியும்."

"நாங்க அதை அளக்கவே இல்லையே சார்," என்றார் டாக்டரம்மா.

எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு கட்டு தேதித்தாள்கள். அறுபத்திரண்டு நாள். ஒவ்வொன்றின் பின்புறமும் எத்தனை வாளி, ஹீட்டர் முள் காட்டிய சூடு, இரண்டு தொட்டி மீட்டரும் காட்டிய எண்.

தலைவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இந்த நாலு நாள் ஏன் தண்ணி இல்ல?"

"வேணும்னேதான் ஊத்தலைங்க. வாயு இறங்கிச்சு. மறுபடி ஊத்தினேன், ஏறிச்சு."

"சோப்புத் தண்ணியா?"

"சோப்பு போடறதுக்கு முன்னாடி அலசற தண்ணி மட்டும்தான். சோப்பு பட்டா உள்ள வாயு உண்டாக்கற கிருமி செத்துடும்ல? டாக்டரம்மா வர்றவங்களுக்கு விளக்கறப்போ, டீ கொடுத்துட்டு நின்னு கேட்டிருக்கேன்."

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அறையே தட்டியது. ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருடம் அங்கேயே அனுமதி கிடைத்தது. உதவியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீத்தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

வராந்தாவில் டாக்டரம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அறிக்கையில உங்க பேரும் வருது. இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நேத்து ஏன் ரெண்டு பிள்ளை, பெத்த மனசுன்னு சொன்னீங்க?"

"எனக்கு ஒரே பொண்ணுதான் டாக்டரம்மா. படிக்காதவ தெரியாம செஞ்சான்னா திட்டிட்டு விட்டுடுவீங்க. யோசிச்சுத்தான் செஞ்சேன்னு சொல்லியிருந்தா, நேத்தே வேலையை விட்டுத் தூக்கியிருப்பீங்க."